சந்தனப் பொட்டு வைத்த எஸ்.எஸ்.டி.

மடத்துச் சாமிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய் ஐந்து வருடம். இப்போது பேச்செல்லாம் சிலேட்டில்தான்.

குரல் போவதற்கு முன் நாற்பது நாள் பேசினார். பதிவு செய்தவன் சீடன் மாசிலாமணி. பேச்சைச் சேமித்திருந்த எஸ்.எஸ்.டி. என்ற கம்ப்யூட்டர் டிஸ்கைப் பட்டுத் துணியில் சுற்றி, தகரக் கூரை போட்ட பூஜை அறையில் வைத்துப் பூட்டினான். ஆயுத பூஜைதோறும் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தான். கம்ப்யூட்டரில் மட்டும் ஒருநாளும் செருகவில்லை.

சமையற்கட்டில் வேலை பார்க்கும் செண்பகவல்லி ஒருமுறை கேட்டாள். "அண்ணே, சாமி பேச்சை ஒருநாள் போடுங்களேன்."

"அது என்ன ரேடியோவா, கேட்டதும் போட?"

அவளைப் பார்த்தால் சாமி சிரிக்கிறார். இவனுக்கு வெறும் தலையாட்டல்தான். மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது. கம்ப்யூட்டரில் இருந்த நகலையும் அன்றே அழித்துவிட்டான்.

இந்த வருடக் குருபூஜையில் சாமி குரலைக் கேட்க ஊரே காத்திருந்தது. அதற்கு முந்தின நாள் மாசிலாமணி பட்டுத் துணியைப் பிரித்து டிஸ்கைச் செருகினான். ஒரு பேச்சும் திறக்கவில்லை. டவுனில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினான்.

"எத்தனை வருஷமா கரண்ட் காட்டல?" என்றார் கடைக்காரர்.

"அஞ்சு."

"ஏற்கெனவே ரொம்ப உழைச்ச டிஸ்க். இதுல பதிஞ்சதெல்லாம் துளித்துளி சார்ஜாத்தான் நிக்கும். கரண்ட் இல்லாம சூட்டுல கிடந்தா கசிஞ்சிடும். அப்பப்ப போட்டுப் பாத்திருக்கணும். இன்னொரு காப்பி இல்லையா?"

மாசிலாமணி டிஸ்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மடத்துக்குத் திரும்பி சாமி காலில் விழுந்தான். "உங்க குரலைத் தொலைச்சிட்டேன் சாமி. செண்பகவல்லி கேட்டுடக் கூடாதுன்னுதான் பூட்டியே வச்சேன், காப்பியையும் அழிச்சேன். பொறாமை."

சாமி எழுதினார்: "ஏழாம் நாள் என்ன பேசினேன்?"

"தெரியாது சாமி. சரியாப் பதியுதான்னு மெஷினையே பாத்துக்கிட்டிருந்தேன்."

சாமி சமையற்கட்டு ஜன்னலைக் காட்டினார். உள்ளே பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இருபத்தி ரெண்டாம் நாள் சாமி என்ன சொன்னாங்க," செண்பகவல்லி சொல்லிக்கொண்டிருந்தாள், "பசிச்சு வந்தவன்கிட்ட பேரைக் கேக்காதீங்கன்னாங்க."

நாற்பது நாளும் உட்கார்ந்து கேட்டவள், தினமும் ஒரு நாள் பேச்சைச் சொல்வாள். நாற்பது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஐந்து வருடமாக இப்படித்தான்; இவன்தான் அந்தப் பக்கம் போனதில்லை.

"எல்லாமே அவகிட்டயா இருக்கு?" மாசிலாமணிக்கு அப்போதும் பொறாமை போகவில்லை.

சாமி சிலேட்டைத் துடைத்து எழுதினார்: "அங்கே அரிவாள்மணை ஒன்று சும்மா கிடக்கிறது. போ."