பொட்டு வச்ச மணிச்சரம்

உன் பெரியப்பா எனக்கு இந்தக் கதையில ரொம்ப வருஷமா ஒரு சந்தேகம் உண்டு. உங்க அத்தை மங்கையர்க்கரசி ஆய்வுக்கூடத்துல வேலை பாத்தப்போ சொன்னது. இப்போ உன் முட்டிக் கட்டுக்குள்ள நடக்குறதும் இதுதானாம். ம் கொட்டு.

"ம்."

ஒரு தோலுக்குள்ள ஒரு குட்டி செல்லு. அதுக்குள்ள ஒரு புரதம், பேரு பிடியன். அவன் உடம்புல ஒரு பெரிய குழி, ஒரு சின்னக் குழி. செல்லைச் சுத்தியிருக்குற சவ்வுலேருந்து உள்பக்கமா மணிச்சரமாத் தொங்கும். அதுல பொட்டு வச்ச மணி பெரிய குழியில உக்காரணும், அதுக்கு மூணாவது மணி சின்னக் குழியில உக்காரணும். ரெண்டும் பொருந்துனா அது அவனோட சரம். அதைப் புடிச்சாத்தான் "தோல் வளரணும்"னு சேதி போகும். அதுவரைக்கும் புண்ணு ஆறாது, அவனும் தனியா மெதந்துக்கிட்டே கெடப்பான்.

"ம்."

முதல்ல ஒரு சரத்துக்கிட்ட போனான். பொட்டே இல்ல. வழுக்னு நழுவிடுச்சு. "நீ இல்ல"ன்னான். "சரிப்பா"ன்னுச்சு அது.

அப்போ பாத்து நீ சைக்கிள்லேருந்து தொப்னு விழுந்த.

"நான் விழல. சைக்கிள்தான் விழுந்துச்சு."

சரி, சைக்கிள்தான் விழுந்துச்சு. முட்டி உன்னோடதுதானே? உடனே பொட்டு வைக்கிறவன்னு இன்னொரு புரதம் ஓடி வந்து, டப் டப்னு சரங்களுக்குப் பொட்டு வச்சுது. பிடியன் ஒண்ணைப் புடிச்சான். பொட்டு உக்காந்துச்சு. மூணாவது மணி இடிச்சுது. இருந்தும் விட மனசில்லாம ஒட்டிக்கிட்டு நின்னான்.

"வலிக்குது, விடுப்பா"ன்னுச்சு அந்தச் சரம்.

விட்டுட்டான்.

"ம்..."

அப்புறம் இன்னொரு சரம். பொட்டு, டக். மூணாவது மணி, டக்.

"இத்தனை நாளா எங்க இருந்த?"ன்னான் பிடியன்.

"இங்கதான். முதல்ல என்கிட்டதான் வந்த. நீ இல்லன்னுட்டுப் போயிட்ட."

சேதி விறுவிறுன்னு ஓடுச்சு. தோல் வளர ஆரம்பிச்சுது. அப்போ பொட்டு அழிக்கிறவன் வந்தான். சரக். பொட்டு போச்சு, பிடியும் போச்சு. பிடியன் திரும்ப மெதந்தான். சுத்திச் சுத்தி அதே சரத்துக்கிட்ட வந்தான். வழுக்.

"நீ இல்ல"ன்னான்.

...

ம் காணோமே. சரி, புண்ணு மூடுது, கண்ணும் மூடிடுச்சு, கதையையும் மூடி வச்சிடலாம். தூங்கு.

அந்தச் சந்தேகத்தைக் கேக்க இன்னிக்குத்தான் அத்தைக்குப் போன் போட்டேன். மத்ததெல்லாம் ஒத்துக்கிட்டு, ஒண்ணே ஒண்ணு கேட்டேன்.

"அக்கா, பொட்டு அழிஞ்சப்புறமும் அதே சரத்தை உரசிக்கிட்டுத்தானே போறான். ஒரு தடவைகூடவா அது தன்னோட சரம்னு அவனுக்குத் தெரியாது?"