பேர் தெரியாத செடியும் ஒரு கங்கும்

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. முளைத்து இரண்டு இலை விட்டதும் “நான் கத்தரி”, “நான் அவரை” என்று தன் பேரைச் சொல்லிவிடும். விதைக்கிறவர்கள் பேரைச் சொல்லித்தான் மண்ணில் இடுவார்கள். விதை அதைக் கேட்டுக்கொண்டே முளைக்கும்.

ஒச்சம்மா வீட்டுக் கொல்லையில் மட்டும் பேர் தெரியாத செடி ஒன்று வளர்ந்தது. முருங்கையடியில் கொண்டைக்குருவியின் எச்சத்தில் கிடந்த தட்டை விதையை எடுத்து, உடைந்த பானையில் ஊன்றியிருந்தாள். என்ன விதை என்று தெரியாததால் எந்தப் பேரும் சொல்லவில்லை. முளைத்ததும், “நீ யாரு?” என்று கேட்டாள்.

“தெரியலையே தாயி” என்றது செடி.

வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவில் கொஞ்சம் காய் பிடித்தது. காயெல்லாம் வானத்தைப் பார்த்து நின்று, பச்சையிலிருந்து சிவப்பாக மாறின. அதன் பேரைத் தெரிந்துகொள்ள ஒச்சம்மாவுக்கு ஆசை தாங்கவில்லை. தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்டாள். ஊரில் ஒன்று தெரியவில்லை என்றால், தெரியும் என்று வருகிறவர்களுக்கா பஞ்சம்?

முதலில் அணில் வந்தது. ஒரு பழத்தைக் கறுக்குமுறுக்கென்று தின்றுவிட்டு, “இது தக்காளிக்குத் தங்கச்சி முறை. இரு, இன்னொன்னு தின்னாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்” என்றது. வெள்ளாடு வந்து, “தக்காளியாவது ஒண்ணாவது, இது கத்தரி வகையறா” என்று கிளையோடு இழுத்து மென்றது. ஒச்சம்மாவின் நாத்தனார் பேச்சி, “எங்க மாமியா ஊருல இது குப்பையில கெடக்கும் மதினி” என்றாள். பேர் என்ன என்று கேட்டதற்கு, “வாயில இருக்கு, வரமாட்டேங்குது” என்று இரண்டைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். அப்போது அந்தப் பழத்துக்கு வெள்ளரிப்பிஞ்சின் ருசிதான். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. தினமும் வந்தார்கள், தின்றார்கள், சண்டை போட்டார்கள்.

கடைசியில் ஒரே ஒரு பழம் மிஞ்சியது.

“தாயி, எனக்குப் பேரே வேண்டாம்” என்றது செடி. “அவங்க மெல்லுறதுல என் விதையெல்லாம் மாவாப் போகுது. இந்த ஒண்ணுலதான் என் பிள்ளைக மிச்சம் இருக்கு. இதை விட்டுரு.”

ஒச்சம்மாவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? “இத்தனை நாள் தண்ணி ஊத்துன நான் இன்னும் ஒரு வாய் தின்னு பாக்கல. நாளைக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு துண்டு தின்னு பாத்து முடிவு பண்ணிருவோம். மனசுல வச்சுக்காத” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். செடி அழுதது.

விடிந்ததும் வழக்கம்போல அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து செடியின் வேரில் கொட்டினாள். அதில் அணையாத கங்கு ஒன்று கிடந்தது.

“நான் செத்துக்கிட்டிருக்கேன். எங்கிட்டாவது கொஞ்சம் இடம் கொடேன்” என்று கங்கு செடியிடம் கெஞ்சியது.

செடி யோசித்தது. “தரேன். பழத்துக்குள்ள, விதை ஒட்டிக்கிட்டிருக்கிற நரம்புல இருந்துக்கோ. ஆனா என் பிள்ளைகளைச் சுடக்கூடாது. பல்லு பட்டா மட்டும் எரி.”

“சரி” என்ற கங்கு, வேர் வழியாக ஏறிப் பழத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒச்சம்மா பழத்தைக் கீறி, விதை முந்தானையில் சிந்தச் சிந்த, துண்டுபோட்டுக் கொடுத்தாள். தானும் ஒரு துண்டை வாயில் போட்டாள்.

அணில் முருங்கையில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஆடு தொழுவத்தைத் தாண்டி ஓடியே போய்விட்டது. பேச்சி தண்ணீர்ப் பானையை அப்படியே தூக்கிக் குடித்தாள். ஒச்சம்மாவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. தண்ணீர் ஊற்றி வளர்த்தவளை இப்படி அழ வைத்துவிட்டோமே என்று செடிக்கு வெட்கமாக இருந்தது. வேரோடு பிடுங்கப்போகிறாள் என்று காத்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கொண்டைக்குருவி வந்து, கீழே விழுந்த துண்டை விதையோடு விழுங்கிவிட்டு, “நல்லாத்தானே இருக்கு?” என்றது.

“உனக்கு எரியலையா?” என்றாள் ஒச்சம்மா.

செடிதான் பதில் சொன்னது. “அதுக்குப் பல்லு இல்ல தாயி. என் பிள்ளைகளை மெல்லாது. முழுசாக் கொண்டுபோய் எங்கேயாவது இறக்கி விட்டுரும். நானும் அப்படி வந்தவதான்.”

ஒச்சம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு முந்தானையைப் பார்த்தாள். விதைகள் அங்கே முழுசாக இருந்தன. எத்தனை பேருக்குத் தின்னக் கொடுத்தோம், பெற்றவள் கெஞ்சியது காதில் ஏறவே இல்லையே என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

“நான் செஞ்சது தப்பு. இதையெல்லாம் நானே ஊன்றி ஆளாக்குறேன். இனி எத்தனை காய்ச்சாலும் நல்லதா ஒரு பழத்தை உன் பிள்ளைகளுக்குன்னு விட்டுட்டுத்தான் கை வைப்பேன்” என்றாள்.

“அப்போ நீ தின்னுக்கோ. நீ கொட்டுன சாம்பல்ல இருந்த கங்கு என் விதையோட ஒட்டிக்கிச்சு. இனி எரியத்தான் செய்யும், அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“எரியட்டும்” என்றாள் ஒச்சம்மா.

பானையைக் கீழே வைத்த பேச்சி, “இது என்ன எழவோ தெரியல மதினி. ஆனா கொழம்புக்கு நல்லாருக்கும்” என்றாள். மிளகாய் என்ற பேரெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அன்று முதல்தான் பல் உள்ள வாய்க்கெல்லாம் மிளகாய் எரிகிறது, குருவிக்கு எரிவதில்லை. அணிலும் ஆடும் ஒருமுறை பட்டதோடு ஒதுங்கிப் போய்விட்டன. மனிதர்கள் மட்டும் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் தின்கிறோம். அப்படித் தின்கிற நாமும், செடியில் இருப்பதிலேயே நல்ல பழமாகப் பார்த்து ஒன்றைப் பறிக்காமல் விதைக்கு விடுகிறோம்.