குரங்கு வளர்த்த ஆமை

முள்காட்டில் வால்முறுக்கி என்று ஒரு குரங்கு இருந்தது. மலையடிவாரக் கோயில் பக்கம் போய் வந்ததிலிருந்து அதற்கு ஒரே ஏக்கம்.

"மனுஷங்க நாய் வளர்க்கிறாங்க, கிளி வளர்க்கிறாங்க. நான் மட்டும் ஒண்ணும் வளர்க்கலைன்னா என் மரியாதை என்ன ஆவது?"

நாயைப் பிடிக்கப் பயம். கிளியைப் பிடித்தால் பறந்துவிடும். கடைசியில், வழியில் புல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு நட்சத்திர ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்தது. துரத்திப் பிடிக்கிற வேலையே இல்லை!

பாறைகளுக்கு நடுவே இருந்த குழியில் ஆமையை இறக்கியது. குழியின் மூலையில் கொஞ்சம் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. புல் பூண்டு எதுவும் இல்லை. சுவர் வழுவழுவென்று இருந்ததால் ஆமையால் ஏறவும் முடியாது.

"இனிமே நான்தான் உன் எஜமான். உன் பேர் உருண்டை!" என்றது குரங்கு.

"என் பேர் செவ்வந்தி" என்றது ஆமை.

"வளர்க்கிறவன் வைக்கிறதுதான் பேர்!"

பெயர் வைத்தாயிற்று. சாப்பாடு போட வேண்டுமே? ஆமை என்ன தின்னும் என்று குரங்குக்குத் தெரியாது. ஆமையையே கேட்டிருக்கலாம், பக்கத்தில்தானே இருக்கிறது! ஆனால் எஜமான் போய் ஆமையிடம் கேட்பதா? காட்டில் இருக்கிற மற்ற எல்லோரையும் கேட்கக் கிளம்பியது.

"கருவேலங்கிளையை முள்ளோட மென்னா, என்ன ருசி தெரியுமா!" என்றது வெள்ளாடு. குரங்கு ஒரு கட்டு முள்ளைக் கொண்டுவந்து குழியில் போட்டது. செவ்வந்தி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"கோயில் காராபூந்திதான் உசத்தி" என்றது காக்கை. யாரோ ஒரு பக்தர் கையிலிருந்து பறித்த பொட்டலம் அப்படியே வந்து சேர்ந்தது. மோந்து பார்த்த செவ்வந்திக்குத் தும்மல்தான் வந்தது.

"எஜமான், எனக்குப் புல் போதும். இல்லாட்டி ஒரு சப்பாத்திக்கள்ளி மடல். அதோ, குழி ஓரத்திலேயே நிக்குதே!"

"கள்ளியா? என் ஆமைக்குக் கள்ளியைப் போட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க! பேசாம இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது!"

செவ்வந்தி இளைத்துப்போனது. பசியில் சாவதா, கண்டதைத் தின்று சாவதா என்று அதற்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

இதற்குள் குரங்கு ஓர் அரளிச் செடியருகே நின்றது. இலைமேல் ஒரு புழு சொகுசாக உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தது.

"பிறந்ததிலிருந்து இதைத்தான் தின்கிறேன். என்னைப் பாருங்க, எப்படிக் கொழுகொழுன்னு இருக்கேன்!" என்றது புழு.

குரங்குக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கை நிறைய அரளி இலையைப் பறித்தது. "எல்லாரும் வாங்க! என் ஆமை விருந்து சாப்பிடப் போகுது!" என்று காட்டையே கூட்டிவிட்டது.

குழியில் வந்து விழுந்த இலையைச் செவ்வந்தி மோந்து பார்த்தது. சட்டென்று பின்னால் நகர்ந்தது. "இது நஞ்சு, எஜமான்!"

"நஞ்சாவது! அந்தப் புழுவுக்கு எத்தனூண்டு வயிறு! அதுக்கே ஒத்துக்குது, உனக்கு ஒத்துக்காதா?"

செவ்வந்தி கண்ணைச் சிமிட்டியது. "அடடா, எனக்கு இது தோணலையே! உங்க வயிறு என் வயித்தைவிடப் பெரிசு. அப்போ உங்களுக்கு இன்னும் நல்லா ஒத்துக்குமே! நீங்க ஒரு வாய் தின்னு காட்டுங்க!"

"ஆமாம், காட்டுங்க!" என்றது கூட்டம்.

இனி எங்கே பின்வாங்குவது? குரங்கு ஓர் இலையை வாயில் திணித்து மென்றது. ஒரே கசப்பு! முகம் எட்டுக் கோணலாகியது.

"முழுங்காதீங்க! துப்புங்க!" என்று செவ்வந்தி அலறியது.

குரங்கு துப்பியது. ஆனாலும் சாறு கொஞ்சம் உள்ளே போய்விட்டது. அன்று முழுவதும் குரங்கு வாந்தி எடுத்துக் குழியின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது.

நோயாளியைப் பார்க்க எல்லோரும் வந்தார்கள். வெள்ளாடு முள்ளோடு வந்தது. "தின்னுங்க அண்ணே, நான் தின்கிறேனே, உங்களுக்கு என்ன!" காக்கை செத்த எலி ஒன்றைக் கொண்டுவந்து வாயருகே வைத்தது. புழு இன்னொரு அரளி இலையை இழுத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, வேண்டாம்! என்னை யாராவது ஒரு வார்த்தை கேளுங்களேன்!" என்று குரங்கு அழுதது.

குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "உங்களுக்கு என்ன வேணும், எஜமான்?"

குரங்குக்கு வெட்கமாகிவிட்டது. "கொஞ்சம் தண்ணி போதும்."

"இங்கே இருக்கு. இறங்கி வாங்க."

குரங்கு இறங்கித் தண்ணீர் குடித்தது. வயிறு கொஞ்சம் அடங்கியதும் ஆமையைப் பார்த்தது. "உனக்கு என்ன வேணும், உருண்... செவ்வந்தி?"

"முதல்ல என்னை வெளியே தூக்கி விடுங்க. சாப்பாட்டை நான் பாத்துக்கிறேன்!"

குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு ஏறிப் புல்வெளியில் இறக்கியது. செவ்வந்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்ந்தது.

"வளர்த்தவனை மறந்துடாதே!" என்றது குரங்கு.

"எப்படி மறப்பேன்?" என்றது செவ்வந்தி, வாய் நிறையப் புல்லோடு. "இன்னும் பசி அடங்கலையே!"

ஒருவருக்கு நல்லது செய்யப் போகிறவர் ஊரையெல்லாம் கேட்பதற்கு முன் அந்த ஒருவரையே கேட்க வேண்டும், அவர் சொல்வதைக் காதிலும் போட்டுக்கொள்ள வேண்டும்.