பால் குடித்த கயிறு

முன்னொரு காலத்தில், அதாவது ராஜா தப்பு செய்தால் அதைத் தப்பு என்று சொல்ல ஆளே கிடைக்காத காலத்தில், கனகவர்மர் என்று ஒரு ராஜா இருந்தார். தங்கமான மனுஷர். பாம்பென்றால் மட்டும் பாதி உயிர் போய்விடும்.

ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம். ராஜா குளித்துவிட்டு ஈரத் தலையோடு நடைக்கூடம் வழியாக வந்துகொண்டிருந்தார். திரைச்சீலை இழுக்கிற கயிறு அறுந்து தரையில் சுருண்டு கிடந்தது. அதில் கால் பட்டதும், "ஐயோ, பாம்பு!" என்று எகிறினார் பாருங்கள், நேராகக் காவல்காரன் காளிங்கனின் இடுப்பில் போய்க் குழந்தை மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

விளக்கு வந்தது. பார்த்தால் கயிறு. நல்ல தடித்த முறுக்குக் கயிறு.

சேவகர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். ராஜாவால் இடுப்பை விட்டு இறங்கவும் முடியவில்லை, அங்கேயே இருக்கவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து "ப்பூஹ்" என்று ஒரு சிரிப்பு வெடித்தது. வேறு யார்? அரண்மனை விகடன் சடையாண்டிதான். அவனுக்கு வாயையும் அடக்கத் தெரியாது, சிரிப்பையும் அடக்கத் தெரியாது.

ராஜாவின் முகம் சுருங்கியது. அதைச் சபைப் புலவர் அனந்தகூத்தர் கண்டுகொண்டார். அவருடைய மைத்துனன் ஒருவன் சும்மா வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். சடையாண்டியின் ஆசனம் காலியானால் அவனை அதில் உட்கார வைக்கலாம் என்று புலவருக்கு நெடுநாள் ஆசை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மகாராஜா பாம்பென்று திருவாய் மலர்ந்தருளினார்கள். ஆகவே இது பாம்பே. கயிறாகத் தெரிவது நம்முடைய கண்களின் குற்றம். கண் பொய் சொல்லும், அரச வாக்கு பொய் சொல்லாது!"

ராஜாவுக்குப் போன மானம் திரும்பி வந்தது. காளிங்கன் இடுப்பிலிருந்து கம்பீரமாக இறங்கினார். மறுநாளே சபையில் சட்டமாகிவிட்டது: ராஜா வாயால் சொன்னது எதுவோ அதுதான் உண்மை. மற்றதெல்லாம் வெறும் தோற்றம்.

அன்றிலிருந்து அந்தக் கயிற்றை யாரும் தொடுவதில்லை, தாண்டுவதில்லை. அதன் முன்னால் தினமும் ஒரு கிண்ணம் பால். விடிந்து பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும். "பார்த்தீர்களா, கயிறு பால் குடிக்குமா?" என்று அனந்தகூத்தர் எல்லாரையும் மடக்குவார். அரண்மனைப் பூனை அந்த மாதத்தில் பூசணிக்காய் மாதிரி ஊதிப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

இது இப்படியிருக்க, சடையாண்டி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற அக்கா ஊருக்குக் கோயில் கொடைத் திருவிழா பார்க்கப் போனான். பரிசலில் போகும்போது காற்றில் தலைப்பாகை பறந்து தண்ணீரில் விழுந்தது. போனால் போகட்டும் என்று அவன் கரையேறிப் போய்விட்டான். அன்று இரவே ஆற்றில் வெள்ளம். பரிசல் நின்றுபோயிற்று. அக்கா வீட்டில் அவன் சுடச்சுடக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தபோது, இக்கரையில் ஒதுங்கிய தலைப்பாகை அனந்தகூத்தர் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் அதை ஒரு தட்டில் வைத்துச் சபைக்குக் கொண்டுபோனார். ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார்.

ராஜா தலைப்பாகையைப் பார்த்தார். வெளியே இரைகிற வெள்ளத்தையும் நினைத்தார். "ஐயோ, சடையாண்டி செத்துட்டானே!" என்று வாய்விட்டு அழுதார்.

முடிந்தது கதை. ராஜா வாயால் சொல்லிவிட்டாரே!

வெள்ளம் வடிந்து சடையாண்டி ஊர் திரும்பினால், வீட்டு வாசலில் பந்தல். பெரிய பெரிய அண்டாக்கள். 'யாரோ போயிட்டாங்க போலிருக்கே, பாவம்' என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு துக்க முகத்தோடு உள்ளே போனான். அவனுடைய பெண்டாட்டி ஆவுடை அவனைப் பார்த்தாள். ஒரு அலறல். அடுத்த நொடி விளக்குமாற்றை எடுத்து அவன் முதுகில் நாலு போடு போட்டாள்.

"அடியே! ஆவுடை! வலிக்குதுடி!"

"வலிக்குதா? அப்போ நீங்க பேய் இல்ல." விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "உங்க தலைப்பாகைய சிதையில வெச்சுக் கொள்ளி வெச்சுட்டாங்க. நாளைக்குக் காலைல கருமாதி. என் தாலிய எடுக்கணுமாம். புலவர் ஆளு வந்து சொல்லிட்டுப் போறான். நான் மாட்டேன்னேன். ராசா வாக்குக்கு மேல தாலி பெருசான்னு கேக்கறான்!"

சடையாண்டிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் விரல்கள் தாலிச் சரட்டை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இரு, போய் ராசாவுக்கு முகத்தைக் காட்டிட்டு வந்துடறேன். என்னைப் பாத்தா தீந்துபோச்சு."

"நானும் வரேன். நீங்க பாட்டுக்கு அங்க போய் இன்னொரு தடவ செத்துட்டு வந்தீங்கன்னா?"

இருவரும் சபைக்குப் போனார்கள். சடையாண்டியைக் கண்டதும் ராஜா சிங்காசனத்திலிருந்து துள்ளி எழுந்தார். "டேய் சடையாண்டி!" என்று கையை விரித்துக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தார். கட்டிப்பிடிக்க இன்னும் ஒரு அடிதான் பாக்கி.

"மகாராஜா, சற்றே நில்லுங்கள்!" என்றார் அனந்தகூத்தர். "சடையாண்டி இறந்தான் என்று தாங்கள் இந்தச் சபையில் சொன்னீர்கள். இதோ நிற்பவன் சடையாண்டி என்றால் தங்கள் வாக்கு பொய். தங்கள் வாக்கு ஓரிடத்தில் பொய்யானால்..." என்று இழுத்து, நடைக்கூடத்துப் பக்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

ராஜாவின் கைகள் தானாகக் கீழே இறங்கின. அங்கே கயிறு சுருண்டு கிடந்தது. பால் கிண்ணம் பளபளத்தது.

"சடையாண்டி," என்றார் ராஜா, தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ செத்துட்டப்பா. மனசுல வெச்சுக்காத."

ஆவுடையின் கை மறுபடி தாலிச் சரட்டுக்குப் போயிற்று. சடையாண்டி தலையைச் சொறிந்தான்.

"புலவரே, ஒரு சந்தேகம். நான் செத்துட்டேன்னா இப்போ பேசறது யாரு?"

"நீ பேசவில்லை. நீ பேசுவதாக எங்களுக்குத் தோன்றுகிறது."

"எனக்கும் அப்படித்தானே தோணுது?"

"உனக்குத் தோன்றுவதாகவும் எங்களுக்குத்தான் தோன்றுகிறது."

"ஏன் சாமி," என்றாள் ஆவுடை, "உங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அதுவும் வெறும் தோற்றம்தானா?"

சபையில் யாரோ இருமினார்கள். சடையாண்டி விடவில்லை. "சரி, நான்னா எது? இந்த உடம்பா?"

"உடல் வெறும் கூடு."

"அப்போ பேரா?"

"பெயர் காற்றில் கரையும் ஒலி."

"அந்தக் கூடு இதோ நிக்குது. அந்த ஒலியைக் கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்கறேன். நீங்க கொள்ளி வெச்சது தலைப்பாகைக்கு. அப்போ செத்தது தலைப்பாகைதானே?"

அனந்தகூத்தர் குரலை உயர்த்தினார். "மகாராஜா சொன்னார், நீ இறந்தாய். அதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு?"

ராஜாவின் கண் மறுபடி நடைக்கூடத்துக் கயிற்றுக்குப் போயிற்று. தான் வாதத்தில் ஜெயித்தால் ராஜா தோற்கிறார், ராஜா தோற்றால் கயிறு கயிறாகிவிடும், அதை அவர் தாங்கமாட்டார் என்பது சடையாண்டிக்கு அப்போதுதான் விளங்கியது. பேசிப் பிரயோஜனமில்லை.

"நியாயம்தான்," என்றான் பளிச்சென்று. "ராசா சொன்னா சரி. நான் செத்துட்டேன்."

சொல்லிவிட்டு நேராகப் படியேறினான். காலியாக இருந்த சிங்காசனத்தில் காலை மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மயிலிறகு விசிறியை எடுத்து விசிறிக்கொண்டான்.

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"அடே! இறங்கடா கீழே!" என்று பாய்ந்தார் அனந்தகூத்தர்.

"யாரைச் சொல்றீங்க?"

"உன்னைத்தான்!"

"நான்தான் இல்லையே சாமி. நான் உக்காந்திருக்கிற மாதிரி உங்களுக்குத் தோணுது. கண்ணுல குத்தம். போய் இளநீர் விட்டுக் கழுவுங்க."

"காளிங்கா! இவனை இழுத்துப் போடு!"

காளிங்கன் ஈட்டியோடு வந்தான். சிங்காசனத்தைப் பார்த்தான். புலவரைப் பார்த்தான். "யாரைங்க? ராசா சொன்னபடி பாத்தா அங்க ஆளே இல்லையே. காத்தை எப்படிங்க இழுக்கறது?"

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

சடையாண்டி கையை நீட்டி, புலவரின் வெள்ளி வெற்றிலைப் பெட்டியைத் தூக்கினான். கொழுந்து வெற்றிலையாக எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மென்றான். "அடடா, ஏலக்காய் கூட இருக்கு! இந்த யோகம் உயிரோட இருந்தப்போ ஒரு நாள் கிடைச்சுதா?"

"என் பெட்டி! மகாராஜா, இவன் பேய்! வேப்பிலையால் அடித்து ஓட்ட வேண்டிய பேய்!"

"ராசா சொன்னது செத்தான்னு மட்டும்தான். பேய்னு சொல்லல," என்றான் சடையாண்டி. "ராசா வாய் சொல்லாததை உங்க வாய் சொல்லுதே, உண்மைய உண்டாக்குற வாய் இந்த ஊர்ல எப்போ ரெண்டாச்சு?"

அனந்தகூத்தர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜாவால் அதற்கு மேல் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரோடேயே சொன்னார்: "சடையாண்டி, நீ இல்லாம இந்தச் சபை சுடுகாடு மாதிரி இருந்துதுப்பா. ஆனா சொன்ன சொல்லை எப்படிடா நான் முழுங்குவேன்?"

சடையாண்டி உடனே சிங்காசனத்தை விட்டு இறங்கிக் கைகட்டி நின்றான். "எதுக்கு முழுங்கணும்? நான் செத்தது செத்ததாவே இருக்கட்டும். புலவரே, செத்தவன் மறுபடி பொறப்பானா?"

மறுபிறவியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியே பட்டம் வாங்கியவர் அவர். இல்லை என்று எப்படிச் சொல்வார்? "பி... பிறப்பான்."

"இத்தனை நாள் கழிச்சுத்தான் பொறக்கணும்னு கட்டாயம் உண்டா?"

"இல்லை. அது அவனவன் வினைப்படி."

"என் வினை ரொம்ப அவசரக்கார வினை," என்ற சடையாண்டி, சபை நடுவில் பொத்தென்று படுத்தான். முழங்காலை மார்போடு மடக்கினான். கட்டைவிரலை வாயில் வைத்தான். மீசையும் தொந்தியுமாக, "ங்ங்ஙா!" என்று வீரிட்டான்.

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

"ஆம்பளப் புள்ள!" என்று கூவினார் ராஜா. தேன் வந்தது. ராஜாவே விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் சேனை வைத்தார். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். "என் குணத்துல நல்லதை மட்டும் எடுத்துக்கடா," என்று காதில் சொன்னார். பிறகு சபை கேட்கும்படி, "இவன் பேரு சடையாண்டி!" என்றார்.

"ராசா, என் தாலி?" என்று கேட்டாள் ஆவுடை.

"அது எதுக்கும்மா இறங்கணும்? கருமாதிக்கு முந்தியே புள்ள பொறந்துட்டானே."

"பொறந்துட்டாரு, சந்தோசம். இவரு வளந்து ஆளாகி என்னைக் கட்டற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது."

"நாளைக்கே கல்யாணம். கருமாதிக்கு ஏத்தின அண்டாவுலயே கல்யாணச் சாப்பாடு!"

குழந்தை விரலை வாயிலிருந்து எடுத்தது. "ராசா, சீர் செய்ய எனக்குத் தாய்மாமன் இல்லையே?"

ராஜா நிதானமாகத் திரும்பி அனந்தகூத்தரைப் பார்த்தார். "புலவரே, நீர் இவனுக்குத் தாய்மாமன்."

"மகாராஜா! எனக்கும் அவனுக்கும் எந்த உறவும்..."

"நான் வாயால சொல்லிட்டேனே."

அவ்வளவுதான். புலவர் கொண்டுவந்த சட்டம் அவர் கழுத்தையே சுற்றிக்கொண்டது. அந்த வெற்றிலைப் பெட்டி, விரலில் கிடந்த மோதிரம், தோளில் கிடந்த சரிகை அங்கவஸ்திரம் எல்லாம் அங்கேயே தாய்மாமன் சீராக இறங்கின. ராஜாவும் தன் பங்குக்குத் தங்க அரைஞாண் ஒன்றைச் சடையாண்டியின் தொந்தியைச் சுற்றிக் கட்டச் சொன்னார். அது சுற்றி வராமல் பாதியில் நின்றது வேறு விஷயம்.

அடுத்தது தொட்டில். பட்டுச் சேலை கிடைத்தது, உத்தரமும் இருந்தது. இந்தப் பெரிய குழந்தையைத் தாங்குகிற கயிறுதான் கிடைக்கவில்லை. தேடித் தேடி, கடைசியில் எல்லார் கண்ணும் நடைக்கூடத்தில் போய் நின்றது. ஒருவரும் நகரவில்லை.

"மகாராஜா, அது பாம்பு," என்றார் அனந்தகூத்தர் மெல்ல.

ராஜா நடந்து போனார். கயிற்றுக்கு முன்னால் நின்றார். ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது, பழைய பயம். பிறகு குனிந்து, கையால் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"பாம்புதான்," என்றார். "ஆனா அது செத்துடுச்சு. இப்போ கயிறா பொறந்திருக்கு."

சொல்லிவிட்டு ராஜாவே முதலில் சிரித்தார். அந்தக் கயிற்றில்தான் தொட்டில் தொங்கியது. "நல்லா வேகமா ஆட்டுங்க மாமா!" என்று உள்ளேயிருந்து சத்தம் வர, அனந்தகூத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார்.

அப்புறம் அந்த ஊரில் கயிறு கயிறாகவும், பாம்பு பாம்பாகவும் இருந்தன; சடையாண்டி சடையாண்டியாகவே இருந்தான். இதில் நஷ்டப்பட்டது ஒரே ஒரு ஜீவன்தான். மறுநாள் காலையில் நடைக்கூடத்துக்கு வந்த பூனை, பால் கிண்ணம் இருந்த இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.