கல்லுக்குழியிலேர்ந்து வந்த "ம்"

ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தாங்க. ரஞ்சிதம் டீச்சர்னு பேரு. நீ "ம்" கொட்டணும், என்ன? கொட்டுனாத்தான் கதை நடக்கும், இல்லாட்டி அதுவும் உன்னாட்டம் படுத்துக்கும்.

"ம்."

ஆங். அந்த டீச்சர் நல்லவங்கதான். அடிக்க மாட்டாங்க, கிள்ள மாட்டாங்க. ஆனா வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசணும்னா அப்படி ஒரு கஞ்சத்தனம்! எல்லாமே கண்ணாலதான். கண்ண உருட்டுனா கிளாஸே கப்சிப். புருவத்தத் தூக்குனா எந்திரின்னு அர்த்தம். தலைய இப்படி ஆட்டுனா சரி, அப்படி ஆட்டுனா தப்பு. போர்டுல சர்க் சர்க்குனு எழுதிப் போட்டுட்டு வெரல நீட்டுவாங்க, பிள்ளைங்க சத்தம் காட்டாம பாத்து எழுதிக்கும். "என் கிளாஸ்ல குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும்"னு அவங்களுக்கு ஒரே பெருமை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு கல்லுக்குழி. எந்தக் காலத்துலயோ வெடி வெச்சுக் கல்லு எடுத்த குழி. மழைத்தண்ணி நெறஞ்சு கருகருன்னு கெடக்கும், ஆழம் யாருக்கும் தெரியாது. அதுக்குள்ள ஒரு பூதம் இருந்துச்சு. பயப்படாத, இன்னும் வெளிய வரல. அதுக்குப் பல்லு கெடையாது, நகம் கெடையாது, கையி காலு ஒண்ணும் கெடையாது. ஒரே ஒரு சத்தம்தான் அதுக்குத் தெரியும். "ம்..." அவ்வளவுதான். யாராவது ஒரு கேள்வி கேட்டு, அதுக்குப் பதிலே வரலன்னு வெச்சுக்கோ, அந்த எடவெளில அது வந்து உக்காந்துக்கும். ரொம்ப அன்பா "ம்..."னு சொல்லும். அதனால அந்த ஊர்ல கேட்ட கேள்விய யாரும் அந்தரத்துல விட மாட்டாங்க. வாய் நெறய வெத்தல இருந்தாலும் துப்பிட்டுப் பதில் சொல்லுவாங்க. டீச்சர் வெளியூரு, அவங்களுக்கு இது தெரியாது.

"ம்."

இது நீதான சொன்ன? சரி, சரி.

அப்புறம் ஒரு நாள் வெளியூர்லேர்ந்து அந்தக் கிளாஸுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்தா. பூரணின்னு பேரு, உன் வயசுதான். பொறந்ததுலேர்ந்தே கண்ணு தெரியாது. ஆனா வாய் ஓயாது, கேள்வி மேல கேள்வி கேப்பா. அவ அம்மா கூட்டியாந்து விட்டுட்டு, "டீச்சர், இவளுக்கு எதுன்னாலும் வாயால சொல்லிடுங்க. சொல்லிட்டா கப்புனு புடிச்சுக்குவா"ன்னாங்க. டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனாங்க! அம்மா அதப் பாத்துட்டுத் திருப்தியாப் போயிட்டாங்க. பூரணிக்கு அது எப்படித் தெரியும்? டீச்சர் எதிர்ல நிக்கறாங்களா, போயிட்டாங்களான்னுகூடத் தெரியாம தவிச்சுப் போய் நின்னா.

அப்போ அவ கேட்டா, "டீச்சர், நான் இந்த பெஞ்சுல உக்காரட்டுமா?"

டீச்சர் வழக்கம்போல தலைய ஆட்டுனாங்க. ஜன்னலுக்கு வெளியேர்ந்து மெதுவா ஒரு சத்தம்.

"ம்..."

பூரணி சிரிச்சுக்கிட்டே உக்காந்துட்டா. டீச்சர் திரும்பிப் பாத்தாங்க. காத்தா இருக்கும்னு ஜன்னலப் படார்னு சாத்துனாங்க. ஜன்னலச் சாத்துனா நிக்கிற சாமானா அது?

அன்னிலேர்ந்து தெனமும் அதே கததான். சர்க் சர்க்குனு சாக்பீஸ் ஓடும். "டீச்சர், என்ன எழுதறீங்க? கணக்கா?"ன்னு பூரணி கேப்பா. டீச்சர் திரும்பாமயே தலைய ஆட்டுவாங்க. "ம்..." பக்கத்துப் பிள்ளைங்களுக்கு டீச்சர் கண்ண நெனச்சாலே பயம், வாயத் தொறக்காது. பூரணி வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவா தெரியுமா? "அம்மா, எங்க டீச்சர் ரொம்ப நல்லவங்க. நான் என்ன கேட்டாலும் ம்னு சொல்லுவாங்க." ஐயோ, பாவி மகளே!

"ம்."

அப்புறம் ஒரு நாள் காலையில, "டீச்சர், தண்ணி குடிக்கப் போகட்டுமா?"ன்னு கேட்டா. டீச்சர் தலைய ஆட்டுனாங்க. "ம்..." பூரணி சொவத்தத் தடவிக்கிட்டே வெளிய போனா. "பானை இங்கயா?" "ம்..." "இன்னும் தள்ளியா?" "ம்..." அது கொஞ்சம் கொஞ்சமாப் பின்னால போவுது, புள்ள கொஞ்சம் கொஞ்சமா முன்னால போவுது. வராந்தா தாண்டியாச்சு. படி எறங்கியாச்சு. முள்ளுச்செடி காலக் கீறுது, சரக் சரக்.

டீச்சர் தற்செயலா ஜன்னல் வழியாப் பாத்தாங்க. புள்ள கல்லுக்குழிப் பக்கம் போறா. செருப்புகூடப் போடாம ஓடுனாங்க, தட தட தட தட! போய் அவ மணிக்கட்டக் கப்புனு புடிச்சு, ஒரு வார்த்தை பேசாம தரதரன்னு இழுத்தாங்க. அந்தப் புள்ள அலறுச்சு பாரு, "யாரு? யாரு இழுக்கறது? டீச்சர், ஓடி வாங்க! யாரோ என்னய இழுக்கறாங்க!"

டீச்சர் கைக்குள்ளதான் இருக்கா. டீச்சரக் கூப்பிட்டு அழறா. அப்போ கல்லுக்குழிப் பக்கத்துலேர்ந்து ஆறுதலா ஒரு சத்தம் வந்துச்சு. "ம்... ம்..." இந்தத் தடவை அதக் காத்துன்னு டீச்சரால சொல்லிக்க முடியல.

கிளாஸுக்குள்ள வந்ததும் பிள்ளைங்க குசுகுசுன்னு சொல்லுச்சு, "டீச்சர், அது குழிப்பூதம் டீச்சர். பதில் சொல்லாட்டித்தான் வரும்." டீச்சர் ஒதட்டுல வெரல வெச்சு எல்லாரையும் அடக்கிட்டாங்க. பேசியிருக்கலாம்ல? பேசல. வாயத் தொறந்தா அது நம்ம பக்கம் திரும்பிடுமோன்னு பயம். பயத்துல எப்பவும் பேசுற நாலு வார்த்தையும் போச்சு. இப்படியும் இருக்காங்க பாரு மனுஷங்க!

"ம்."

சாயங்காலம் ஆச்சு. டங் டங் டங்னு மணி அடிச்சுது, பிள்ளைங்க எல்லாம் கத்திக்கிட்டே ஓடிருச்சு. மேகம் கட்டி இருட்டிக்கிட்டு வருது. பூரணி மட்டும் பைய மடில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. டீச்சர் போர்டு அழிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்போ அவ கேட்டா, "டீச்சர், எங்கம்மா வந்துட்டாங்களா?"

டீச்சர் எட்டிப் பாத்தாங்க. வராந்தால யாரும் இல்ல. இல்லைன்னு தலைய அசைச்சுட்டு மறுபடி போர்டுப் பக்கம் திரும்பிட்டாங்க. ஒரே ஒரு "இல்ல" சொல்லியிருக்கக் கூடாதா?

"ம்..."

டீச்சர் கையிலேர்ந்து டஸ்டர் கீழ விழுந்துச்சு, தொப். பயத்துல உடனே திரும்பல. திரும்பிப் பாத்தா பெஞ்சு காலி.

ஓடுனாங்க. மழ சடசடன்னு புடிச்சுக்கிச்சு. கல்லுக்குழி விளிம்புல, ஒரு பாறை மேல, பூரணி நிக்கறா. "அம்மா, இந்தப் பக்கமா?" "ம்..." "கைய நீட்டட்டுமா?" "ம்..." குழிக்கு மேல கைய நீட்டிக்கிட்டு நிக்கறா. விளிம்பெல்லாம் உதிரிக்கல்லு, பொலபொலன்னு சரியுது. டீச்சர் கால வெச்சா மொத்தமும் சரிஞ்சு புள்ளையத் தள்ளிரும். கிட்டப் போகவும் முடியல.

டீச்சர் மொதல்ல என்ன பண்ணாங்க? ரெண்டு கையையும் வீசி வீசிக் காட்டுனாங்க! யாருக்குக் காட்டுறாங்க? அவங்க கை பாட்டுக்கு ஆடுது.

அப்புறம் தொண்ட கிழியக் கத்துனாங்க. "அங்க போகாத! இங்க வா!" பூரணி வெலவெலத்துப் போயிட்டா. அவளுக்கு அந்தக் குரலே தெரியாதே! "அங்கன்னா எங்க? இங்கன்னா எங்க? யாரு நீங்க?"ன்னு ஒரு எட்டு முன்னால நகந்துட்டா. ஒரு கல்லு உருண்டு உள்ள போச்சு. "டீச்சர்! யாரோ கத்தறாங்க, பயமா இருக்கு. நான் உங்ககிட்ட வந்துடட்டுமா?"

"ம்ம்ம்..." குழிக்குள்ளேர்ந்து அவ்வளவு சந்தோஷமா வந்துச்சு அது.

அந்தக் குழியத்தான் அவ டீச்சர்னு கூப்பிடறா. தப்பு அவ மேலயா? இத்தன நாளா அவளுக்குப் பதில் சொன்னது அது ஒண்ணுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நம்ம வாயத் தொறந்து பேசியிருந்தா, இந்தக் குரலு அவளுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு டீச்சர் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அழுகைய முழுங்கிக்கிட்டு, நின்ன எடத்துலயே நின்னு, நிதானமாப் பேசுனாங்க.

"பூரணி, நான் ரஞ்சிதம் டீச்சர். உன் முதுகுக்குப் பின்னால நிக்கறேன். உன் காலுக்கு முன்னால பெரிய பள்ளம். கீழ தண்ணி."

"பொய்! எங்க டீச்சர் ம்னுதான் பேசுவாங்க."

"அது நான் இல்லம்மா. நான் தலைய மட்டும்தான் ஆட்டுனேன்."

பூரணி யோசிச்சா. கெட்டிக்காரி இல்லையா? குழிப் பக்கமா மொகத்தத் திருப்பி, "எனக்கு முன்னால என்ன இருக்கு? சொல்லுங்க"ன்னா.

"ம்..."

"என்னன்னு சொல்லுங்கன்னா!"

"ம்..."

பூரணி குனிஞ்சு தடவி ஒரு கல்ல எடுத்தா. முன்னால வீசுனா. சத்தமே இல்ல. இன்னும் இல்ல. இன்னும் இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு எங்கயோ அடியில...

டொபுக்.

அவ்வளவுதான், அந்தப் புள்ள ஆழத்தப் புரிஞ்சுக்கிட்டா. அப்படியே பாறையில உக்காந்துட்டா. "டீச்சர்... டீச்சர், நகர முடியல."

"முடியும். உக்காந்தபடியே பின்பக்கமா நகரு. உன் வலது கைப்பக்கம் பாறைச் சொவரு இருக்கு, அதத் தொட்டுக்கிட்டே வா. நான் பேசிக்கிட்டே இருக்கேன், என் சத்தத்துக்கு வா."

டீச்சர் பேசுனாங்க. மூச்சு விட்டா அந்த எடவெளில "ம்..."னு அது நொழையுது. புள்ள தெகச்சு நின்னுடுது. அதனால மூச்சு விடாம பேசணும். இத்தன வருஷம் பேசாதவங்க என்னத்தப் பேசுவாங்க? போர்டுல எழுதுனதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சாங்க. "நேத்திக்கு என்ன எழுதுனேன்னா, கடல் தண்ணி வெயில்ல காஞ்சு ஆவியா மேல போகும், மேகமாகும், குளுந்து மழையாக் கொட்டும். பாறை முடிஞ்சு மண்ணு வரும், பயப்படாத, அது கெட்டியான மண்ணு. முந்தாநேத்து வாய்ப்பாடு எழுதுனேன், ஓர் ஏழு ஏழு, ஈரேழு பதினாலு..." தொண்ட கட்டிப் போச்சு, கரகரன்னு ஆயிப்போச்சு, விடல. பூரணி சரக்... சரக்னு நகந்து வரா. குழிக்குள்ளேர்ந்து "ம், ம், ம்"னு கோவமா வருது. அப்புறம் தூரமாச்சு. அப்புறம் மழச்சத்தம்தான் கேட்டுச்சு.

பூரணி கை ஒரு காலத் தொட்டுச்சு. சேறு அப்புன கால். தடவிப் பாத்து, பொடவையப் புடிச்சு, எந்திரிச்சு நின்னா. டீச்சர் அவள வாரி அணைச்சுக்கிட்டாங்க.

ம் கொட்டு.

"ம்."

அப்போ பூரணி கேட்டா, "டீச்சர், அழறீங்களா?"

டீச்சர் தலைய ஆட்டப் போனாங்க. பாதி ஆட்டிட்டாங்க. குழிப் பக்கம் தண்ணி களக்குனு ஒரு அசைவு. டீச்சர் தலைய நிறுத்திட்டு, வாயத் தொறந்து, அந்த மழையிலயும் அவளுக்குக் கேக்கற மாதிரிச் சொன்னாங்க.

"ஆமாம்மா. அழறேன்."

அவ்வளவுதான், கதை கரை ஏறிடுச்சு. விளக்க அணைக்கப் போறேன். சொவத்துப் பக்கம் தலகாணி வெச்சிருக்கேன், உன் வலது கைப்பக்கம் நான் படுத்திருக்கேன். கண்ண மூடு, தங்கம்.