செம்பில் பொறித்த சபாஷ்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு தேசத்தில், செங்கோடவர்மன் என்றொரு ராஜா இருந்தார். நரை விழுகிற வயதில் அவருக்கு நீச்சல் கற்கும் ஆசை வந்தது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த அரண்மனை விகடகவி கூத்தபிரானை அழைத்து, "நீதான் எனக்குக் கற்றுத்தர வேண்டும்" என்றார்.

கூத்தபிரான் ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்வதைத்தான் அவருக்கும் செய்தான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி அரண்மனைக் குளத்தில் இறக்கிவிட்டான். "முழங்கால் மடங்குகிறது அரசே, நீட்டி உதையுங்கள்" என்பான். "நேற்று பாதியில் களைத்தீர்கள், இன்று எதிர்ப்படி வரை வந்துவிட்டீர்கள்" என்பான். ராஜா மூக்கில் நீரேறித் தும்மிக்கொண்டே, "இன்னொரு தடவை!" என்பார். அதைக் கேட்பதில் கூத்தபிரானுக்கு அப்படியொரு சந்தோஷம்.

எல்லாம் பாழாய்ப்போனது பேரமைச்சர் அலங்காரராயர் குளக்கரைக்கு வந்த அன்றுதான். ஒரு விகடகவியின் சொல்லுக்கு ராஜா தலையாட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஆகா! மீனுக்கும் வராத லாகவம்! இது கற்ற வித்தையா? பிறவி வித்தை!" என்று கை தட்டினார். பின்னால் நின்ற கூட்டமும் ஜால்ரா போட்டது.

பிறவியிலேயே வந்த வித்தைக்குப் பயிற்சி எதற்கு? ராஜா குளத்துக்கு வருவது குறைந்தது. வந்தாலும் இடுப்பளவு நீரைத் தாண்டுவதில்லை. குடுக்கையைக் கழற்றிப் பழகலாம் என்றால் முகம் கறுத்துவிடும். கழற்றி, மூழ்கிவிட்டால் 'பிறவி வித்தை' என்ற பேர் என்னாவது? ஆசை ஆசையாய்த் தண்ணீர் குடித்த மனுஷனை இப்படிப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டார்களே என்று கூத்தபிரானுக்கு வயிறு எரிந்தது.

அதோடு விட்டார்களா? ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டு, ஆடிப்பெருக்கன்று குடுக்கை இல்லாமல் ஆற்றைக் கடக்கப்போவதாக ராஜாவையே சபையில் அறிவிக்க வைத்தார்கள். "எங்கள் புகழுரையே தங்களைத் தாங்கும்" என்றார் அலங்காரராயர். அந்தப் புகழுரையைக் கனத்த செப்பேடுகளில் பொறித்தும் வைத்தார்.

"ஆற்றுக்குப் புகழுரை புரியாது அரசே. தங்களுக்கு இன்னும் முழங்கால் மடங்குகிறது" என்றான் கூத்தபிரான்.

"பொறாமைக்காரா! இனி என் நீச்சலில் குறை சொன்னால் உன் நாக்கு உன் வாயில் இருக்காது. புகழ்வதானால் மட்டும் பேசு" என்றார் ராஜா.

ஆடிப்பெருக்கும் வந்தது. ஆறு செம்மண் நிறத்தில் நுரைத்துப் புரண்டது. கரையெல்லாம் சனம். படித்துறையில் நின்ற ராஜா வேட்டியை வரிந்து கட்டும்போது முடிச்சு இரண்டு முறை நழுவியதைக் கூத்தபிரான் பார்த்துவிட்டான். செப்பேடுகளைத் தேங்காய் நார்க் கயிற்றில் கோத்துத் தோளில் சுமந்துகொண்டு முன்னால் வந்தான்.

"என்ன இது?" என்றார் ராஜா.

"புகழ்தான் அரசே. தங்களைத் தாங்கப்போவது இதுதான் என்று பேரமைச்சர் சபையறியச் சொன்னார். குடுக்கை இருந்த இடத்தில் கட்ட வந்தேன். குறை ஒன்றும் சொல்லவில்லையே?"

அலங்காரராயர் பதறினார். "செம்பைக் கட்டினால் அரசர் மூழ்கிவிடுவாரே!"

"கேட்டீர்களா அரசே? தங்கள் புகழ் தங்களை மூழ்கடிக்கும் என்கிறார். இப்போது யார் நாக்கை அறுப்பது?"

ராஜா திரும்பினார். "ராயரே, உமது சொல் தாங்குமா, தாங்காதா?"

"தாங்கும்... தாங்கும் பிரபு."

"அப்படியானால் முதலில் உம்மைத் தாங்கட்டும்."

கூத்தபிரான் செப்பேடுகளை ராயர் முதுகில் இழுத்து இறுக்கிக் கட்டினான். ராயர் இரண்டாம் படியில் கால் வைத்ததும் பாசி வழுக்கியது. தொபுக்கடீர்! கூத்தபிரான் பாய்ந்து குடுமியைப் பிடித்து இழுத்துப் போட்டான்.

"ஐயோ, வேண்டாம்! நானும் மூழ்குவேன், அரசரும் மூழ்குவார்! குடுக்கை இல்லாமல் அவருக்கு நீச்சலே வராது!" என்று படியைக் கட்டிக்கொண்டு அலறினார் ராயர்.

"அடப்பாவி! தெரிஞ்சேவா ராசாவ ஆத்துல தள்ளப் பாத்தே?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்.

கூத்தபிரானுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "அவர் கற்றுக்கொண்டிருந்தார் ஐயா! தினம் தினம் முன்னேறினார். உம்முடைய சபாஷ் வந்துதான் அதைக் கெடுத்தது" என்றவன் ராஜாவிடம் திரும்பினான். "தாங்களும்தான் அரசே! கசக்கிற சொல்லுக்குக் கத்தியைக் காட்டினீர்கள். நாக்கை வேண்டுமானால் அறுத்துக்கொள்ளுங்கள். குடுக்கை இல்லாமல் மட்டும் ஆற்றில் இறங்காதீர்கள்."

ராஜா ஆற்றைப் பார்த்தார். முதுகில் தன் புகழோடு சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த ராயரைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "குடுக்கையைக் கொண்டு வா கூத்தபிரான். இத்தனை பேர் பார்க்கவே கட்டு" என்று சொல்லிப் படியோரமாகவே ஒரு முழுக்குப் போட்டுக் கரையேறினார்.

தன் முத்து மாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டார். செப்பேடுகளை உருக்கிப் பெரிய அண்டா ஒன்றும் செய்வித்துத் தந்தார். அதை அவன் வீடு வரை தலையில் சுமந்து போனவர் அலங்காரராயர்தான்.

மறுநாள் காலை ராஜா குளத்தில் உதைத்துக்கொண்டிருந்தார். கூத்தபிரானுக்குக் கோபம் இன்னும் முழுதாய் ஆறவில்லை, பேசாமல் நின்றான்.

"வாயில் என்ன, கொழுக்கட்டையா? சொல்லேனப்பா!" என்றார் ராஜா.

"முழங்கால் மடங்குகிறது அரசே."

ராஜா கடகடவென்று சிரித்தார். ஒரு வாய்த் தண்ணீரும் குடித்தார். தும்மிவிட்டு, "இன்னொரு தடவை!" என்றார்.