பஞ்சாரத்துக்குள் ஒரு செடி

ஒரு காட்டில் பச்சோந்தி ஒன்று மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டது. நிறம் மாற்றத் தெரிந்த அளவுக்கு அதற்குக் கிளையைப் பிடிக்கத் தெரியவில்லை. கீழே கிடந்ததைச் செம்போத்து பார்த்துவிட்டது. செம்போத்துப் பறவைக்குப் பச்சோந்தி என்றால் பலகாரம் மாதிரி.

நல்லவேளை, குரங்கு ஓடிவந்தது. காட்டோரத்தில் யாரோ விட்டுப்போன, கோழிகளை மூடிவைக்கிற மூங்கில் பஞ்சாரத்தைத் தூக்கிவந்து பச்சோந்தியின் மேல் கவிழ்த்தது.

"கால் கூடுகிற வரைக்கும் இதுதான் உன் வீடு. வெளியே தலை நீட்டாதே."

"சரி அண்ணே. ஆனால் எனக்கு இலையில் நிற்கிற தண்ணீரைத்தான் குடிக்கத் தெரியும். உள்ளே ஒரு செடி நட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் தாகத்திலேயே செத்துப்போவேன்."

குரங்கு எதையும் அரைகுறையாகச் செய்யாது. தப்பாகச் செய்தாலும் முழுசாகச் செய்யும். ஆற்றோரம் போய், இருந்ததிலேயே அழகான செடியைப் பிடுங்கி வந்து நட்டது. இளஞ்சிவப்பாகப் பூத்த அரளி. மேலே தண்ணீரும் தெளித்தது. இலை நுனியெல்லாம் துளிகள் தொங்கின.

பச்சோந்திக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. ஒரு கண்ணைத் துளியின் மேலும் மறு கண்ணைக் குரங்கின் மேலும் வைத்துக்கொண்டு, "இது நல்ல செடிதானே?" என்று கேட்டது.

"பூவைப் பார். கெட்ட செடி இப்படியா பூக்கும்? சந்தேகமென்றால் அவனைக் கேள்."

இலையில் ஒரு கொழுத்த பச்சைப் புழு மென்றுகொண்டிருந்தது. "பிறந்ததிலிருந்து இதைத்தான் தின்கிறேன். என் உடம்பைப் பாருங்கள்" என்றது.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பச்சோந்தி நாக்கை நீட்டியது.

அந்த நேரம் பார்த்து ஆடு வந்தது. அந்த ஆட்டைக் காடே அறியும். சாக்குப்பை, சுவரொட்டி, ஒற்றைச் செருப்பு எல்லாம் அதன் வயிற்றுக்குள் போயிருக்கின்றன. அது பஞ்சாரத்தின் இடுக்கில் மூக்கை விட்டது. அரளியை மோந்தது. வாயைத் திறக்காமலே திரும்பி நடந்தது.

"ஏன் அக்கா, பசியில்லையா?" என்று கேட்டது பச்சோந்தி.

"பசிக்காமல் என்ன? காலையிலிருந்து ஒரு சாக்குதான் தின்றேன்."

"பிறகு ஏன் இதைத் தின்னவில்லை?"

"அதுவா? அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஆடு காய்ந்த பனையோலையைக் கடிக்கப் போனது.

பச்சோந்தி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. "அண்ணே, செருப்புத் தின்கிறவளே இதை வேண்டாம் என்கிறாள்."

குரங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. "அவளுக்கு என்ன ருசி தெரியும்? புழு தின்கிறதே, அது உன் கண்ணில் படவில்லையா?"

"புழு இதிலேயே பிறந்தது, இதையே தின்றது. அதற்கு வேறென்ன தெரியும்? நீங்கள் ஒரு கடி கடியுங்கள். பிறகு நான் குடிக்கிறேன்."

"கடிக்க மாட்டான்" என்றது மரத்தின் மேலிருந்து செம்போத்து.

அது போதாதா? குரங்கு ஒரு இலையைப் பறித்துக் கடித்தது. கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. துப்பியது, வாந்தி எடுத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டது.

"பழகினால் சரியாகிவிடும்" என்றது புழு.

குரங்கு எழுந்து நிற்கவே சாயங்காலம் ஆனது. எழுந்ததும் முதல் வேலையாக அரளியைப் புழுவோடு கொண்டுபோய் ஆற்றோரத்தில் நட்டுவிட்டு, ஒரு செம்பருத்திச் செடியோடு திரும்பி வந்தது. அதை நட்டுத் தண்ணீர் தெளித்தது. இந்த முறை அது பூவைப் பற்றிப் பேசவில்லை. நேரே போய் ஆட்டை அழைத்து வந்தது.

ஆடு மோந்துகூடப் பார்க்கவில்லை. இடுக்கில் வாயை விட்டு மளமளவென்று மென்றது.

பச்சோந்தி நிம்மதியாக ஒரு துளியை நக்கியது. இன்னொன்றை நக்கியது. வாடியிருந்த உடம்பில் பச்சை திரும்பியது. நிமிர்ந்து பார்த்தால், செடியில் பாதியைக் காணோம்.

"போதும் அக்கா" என்றது பச்சோந்தி. "நம்பிவிட்டேன்."

நீதி: ஒருவனுக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக எதையும் வாயில் வைக்காதே, எதையும் விடாதவன் எதை விடுகிறான் என்று முதலில் பார்.